உச்சிவேளையில் திறந்த தேன்பெட்டி

இரண்டு கைகளிலும் விரல் மடங்காத ஒரு மனிதருக்கு நான் ஒரு ஜோடி தோல் கையுறை பரிசாக வாங்கிக்கொண்டு போனேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அயனம்பாக்கத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அங்கிருந்து யாராவது வந்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

சொல்ல ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தோம், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் வந்து சர்க்கரை ரேஷனுக்குப் போன சமயம். எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஜனங்கள் இனிப்புக்கு ஏங்குகிறார்கள். தேனீ வளர்ப்பதைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்றார். நூல்நிலையத்தில் மூன்று ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பதினொரு கட்டுரை எழுதினேன். அதுவரை நான் பார்த்த தேனீக்கள் மளிகைக் கடை வெல்லத்தின் மேல் உட்கார்ந்திருந்தவை. அவற்றிலும் பாதி சாதாரண ஈ என்று பிற்பாடு தெரிந்தது.

எட்டாவது கட்டுரை வந்ததும் அயனம்பாக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. "ஐயா, பெட்டிக்குள் தேனடை கட்டும் மரச்சட்டத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மில் இயந்திரப் பட்டையில் மாட்டி இரண்டு கை விரலும் விறைத்துவிட்டன. வேறு வழி உண்டா? இப்படிக்கு, ஏகாம்பரம். எழுதியது, ஸ்டேஷன் போர்ட்டர்." மூன்று புத்தகங்களிலும் தேடினேன். விரல் மடங்காத தேனீ வளர்ப்பாளரை மூன்று ஆசிரியர்களுமே சந்தித்ததில்லை. "மனம் தளராமல் முயலவும்" என்று பதில் போட்டேன்.

அடுத்த கார்டு பத்தே நாளில் வந்தது. "மனம் தளரவில்லை. கைதான் வரவில்லை. அதனால் நானாக ஒரு வழி செய்திருக்கிறேன். தேன்பெட்டிகளை வீட்டுப் பக்கம் வைக்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். வைக்க இடம் ஏரிக்கரையில் துரைசாமி நாயகர் தோப்பு ஒன்றுதான். நானே திறந்து நானே மூட வேண்டும், இன்னொருத்தன் கை படக் கூடாது, கட்டுரை எழுதியவரே வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அப்படியானால் இடம் தருவேன் என்கிறார். இல்லாவிட்டால் பூச்சிகளைத் திறந்து விட்டுவிட வேண்டியதுதான்."

இந்தக் கார்டை என் மனைவி படித்துவிட்டாள். அதனால் போகாமல் இருக்க முடியவில்லை.

கடல் தாண்டிப் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை நான் ஒன்று விடாமல் படிப்பவன். அவர்களுக்கு லண்டன் மூடுபனி வாய்த்தது. எனக்கு அம்பத்தூர் வாய்த்தது. மயிலாப்பூர்வாசிக்குச் சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டிய எல்லாமே அயல்நாடுதான். பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். தொப்பி ஒன்றைச் சுற்றிக் கொசுவலைத் துணியைத் தைத்து எடுத்துக்கொண்டேன். பெட்டியில் வைத்தால் நசுங்கும் என்று தலையிலேயே வைத்துக்கொண்டேன்.

ரயிலில் ஆவடிக்குப் போகும் சிப்பாய்கள் நிரம்பியிருந்தார்கள். எதிரே இருந்த இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என் தொப்பியை வெகுநேரம் பார்த்தார்கள். அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு.

"ஆவடியில் கொசு அவ்வளவு மோசமா?"

"உள்ளூர்க்காரனே இப்படிப் போகிறான் என்றால் பார்த்துக்கொள்."

அவர்கள் முகம் அதற்குப் பிறகு தெளியவேயில்லை. வில்லிவாக்கத்தில் ராணுவ ஸ்பெஷல் ஒன்றுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி ஒரு மணி நேரம் நின்றது. மத்தியானத்துக்கென்று கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சாதத்தை ஒன்பது மணிக்கே தின்று தீர்த்தேன். வேறு என்ன செய்வது?

அம்பத்தூரில் ஒரு ஜட்கா கிடைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்காரர், "பூச்சிக்காரரு ஊட்டுக்குத்தானே? குந்து சாமி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தலைல கூடைய கவுத்துகினு வேற எங்க போவ?"

குதிரை ஒவ்வொரு மர நிழலிலும் நின்று யோசித்தது. "கொள்ளு கெடைக்கல சாமி. இது எம் மூஞ்சிக்காவத்தான் ஓடுது" என்றார். பாதி வழியில் அவர் முகத்துக்காகவும் ஓடவில்லை. நான் இறங்கி நடந்தேன். குதிரை பின்னால் வந்தது. அயனம்பாக்கத்துக்குள் முதலில் நுழைந்தவன் நான்தான்.

ஏகாம்பரம் வாசலுக்கு வந்து இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கும்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. பொத்தானே இல்லாமல் முன்பக்கம் தைத்து மூடிய சட்டை, தலைவழியாக மாட்டிக்கொள்வது. பூந்தமல்லியில் ஒரு நெல் மில்லில் வேலை பார்த்தவர். பட்டையில் மாட்டிய கைகள் ஆறிவிட்டன. ஆனால் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத டம்ளர் ஒன்றைப் பிடித்திருப்பது போல அரைகுறையாக வளைந்து அப்படியே நின்றுவிட்டன. பிடிக்க வராது. தள்ளலாம், அணைக்கலாம், கொக்கி போல மாட்டி இழுக்கலாம். கொஞ்ச நாள் மில்லிலேயே காவல் வேலை கொடுத்தார்களாம். பிறகு, திருடன் வந்தால் எதைக்கொண்டு பிடிப்பாய் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

அந்த வருஷமே வீட்டு மூலையில் காலியாகக் கிடந்த நெல்பானையில் தேனீ வந்து கூடு கட்டியது. அதுதான் ஆரம்பம். இப்போது மூன்று பெட்டி. வீட்டுக்குப் பின்னால் இருந்தவை, எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியைக் கொட்டியதால் ஊரார் வாயில் விழுந்துவிட்டன.

"எங்கூட்டுக்காரி கன்னிம்மா களை பறிக்கப் போவுது. நான் ஊட்ல குந்திகினு அது கொண்டாற கஞ்சிய குடிக்கிறேன். எத்தினி நாளைக்கு ஐயா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நான் கையுறையை எடுத்து நீட்டினேன். ஏகாம்பரம் அதைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரொம்ப நல்ல தோலு ஐயா" என்றார். அவர் மனைவி கன்னியம்மா வந்து அதை வாங்கி, தன் கையில் மாட்டிக்கொண்டு, அடுப்பிலிருந்த களிச் சட்டியை இறக்கி வைத்தாள். "சூடே தெரில. இன்னொரு ஜோடி கீதா சாமி?"

சாப்பாடு கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் கடைசலும். ஏகாம்பரம் ஒரு மரக்கரண்டியை மணிக்கட்டில் நாடாவால் கட்டிக்கொண்டு சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். எனக்குக் களி பழக்கமில்லை. ஒரு விரலில் ஒட்டியதை இன்னொரு விரலால் எடுக்கப்போய், பத்து விரலிலும் பூசிக்கொண்டேன். கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளி உள்ளே போயிற்று. கயிறும் கூடவே போயிற்று. கன்னியம்மா, கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்தாள்.

வெயில் தணிந்ததும் தோப்புக்குப் போனோம். மாமரமும் புங்கமரமும் கலந்த தோப்பு. நாயகர் முடிவு சொல்லும்வரை பெட்டிகள் வேலியோரம் இருக்கலாம் என்று விட்டிருந்தார். ஏகாம்பரம் செய்திருந்த வழியை அங்கேதான் பார்த்தேன்.

அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஏற்றம் இறைப்பதை நீங்கள் ரயிலிலிருந்தே பார்த்திருக்கலாம். அதையே ஆள் உயரத்துக்குக் குறுக்கித் தேன்பெட்டியின் பக்கத்தில் நட்டிருந்தார். கவட்டை உள்ள ஒரு கம்பம். அதன்மேல் ஒரு மூங்கில். மூங்கிலின் வால் முனையில் ஒரு கல். தலை முனையிலிருந்து கயிற்றில் தொங்கும் இரண்டு கொக்கிகள். பெட்டி நெஞ்சு உயரத்தில் ஒரு மேடையில் இருந்தது. மூடியில் கயிற்று வளையம். முன்கையை அதற்குள் விட்டு மூடியைத் தூக்கினார். முழங்கையால் மூங்கிலைக் கீழே அழுத்தி, மணிக்கட்டால் கொக்கிகளைத் தள்ளிச் சட்டத்தின் இரண்டு காதிலும் மாட்டினார். முழங்கையை மெதுவாகத் தளர்த்தினார். கல் இறங்கியது, தேனடை நேராக, ஒரு ஆட்டமும் இல்லாமல், மேலே வந்து கண்ணெதிரே நின்றது. மேலே ஊர்ந்த தேனீக்களுக்குத் தாங்கள் தூக்கப்பட்டதே தெரியவில்லை.

புகை போடுவதற்கு, கையால் அமுக்கும் துருத்தி வைத்த தகரப் பெட்டி வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இவர் ஒரு கலயத்தில் தேங்காய் நாரை மூட்டி, அடுப்பங்கரை ஊதாங்குழலைப் பல்லில் கடித்து ஊதினார்.

"மறுபக்கம் பார்க்க எப்படித் திருப்புவீர்கள்?" என்று கேட்டேன். சட்டத்தைத் திருப்புவது பற்றி நான் நான்கு பாரா எழுதியவன்.

"அத ஏன் ஐயா திருப்பணும்?" என்று சொல்லிவிட்டு, தொங்கும் அடையைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தார்.

நான்கு பாராவும் வீண்.

அங்கிருந்து நாயகர் வீடு. துரைசாமி நாயகருக்கு அறுபது வயது. பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. "இவன் தொறக்கறத நானே பாத்துட்டேன்" என்றார். "எனக்கு சந்தேகம் மூடறதுலதான். பூச்சி கோச்சிகினு கெளம்பிச்சுன்னா, இந்தக் கைய வச்சிகினு ஒண்டியா மூடுவானா? அங்க எம் மாடு கட்டிக் கெடக்குது. ஆளுங்க வேல செய்றாங்க. நாளிக்கு நீங்களும் நானும் பாக்கறோம். எந்நேரம் தோது, சொல்லுங்க."

சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே நின்றார். நாயகர் கேட்டது என்னை. மூன்று புத்தகங்களும் ஒருமுகமாகச் சொன்ன விஷயம் என்பதால் தயங்காமல், "உச்சிவேளை. வெயில் நன்றாக ஏறியதும் பாதித் தேனீ வெளியே போயிருக்கும். அதுதான் திறக்கும் நேரம்" என்றேன்.

ஏகாம்பரத்தின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. "அப்பிடியே செய்றேன் நைனா" என்றார் நாயகரிடம்.

திரும்பி வரும் வழியில் கன்னியம்மா அவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. "சித்திர வெயில்ல உச்சிக்கா? யாருனா தொறப்பாங்களா? இன்னாய்யா, கல்லு மாரி வர்ற?"

"எய்துனவரே சொல்றாரு. கம்முனு வா."

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தோப்பில் ஒரு கயிற்றுக்கட்டில் போட்டு நாயகர் உட்கார்ந்தார். ஏரிப் பக்கத்திலிருந்து அனல் வந்தது. வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கைக்கு நின்றார்கள். நான் வலைத் தொப்பியோடு பெட்டிக்கு அருகில் நின்றேன். ஏகாம்பரம் நாரை மூட்டிவிட்டு, வெயிலை ஒரு முறை பார்த்தார்; என்னை ஒரு முறை பார்த்தார்.

"தொறக்கலாங்களா ஐயா?"

"இதுதான் நேரம்."

மூடி வந்தது. மூங்கில் இறங்கியது. கொக்கி மாட்டியது. கல் இறங்க, கனத்த அடை ஒன்று மேலே வந்தது. முந்தின நாள் பார்த்ததைவிடப் பெரிது; பாதிக்கு மேல் தேன். வெயிலில் தங்கத் தகடு போல இருந்தது. உவமை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடையின் மேல்விளிம்பு அப்பள மாவைப் போல இழுபட ஆரம்பித்தது. மெழுகு இளகுகிறது என்பது எனக்குப் புரிவதற்கும் அடை பிய்ந்து தொப்பென்று தரையில் விழுவதற்கும் சரியாக இருந்தது.

சீமைப் புத்தகம் சொல்வது சீமை வெயிலை. அங்கே உச்சிவேளை என்றால் ஒரு மனிதன் கோட்டைக் கழற்றலாமா என்று யோசிக்கும் நேரம்.

பிறகு கேட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கில்லை. வேலையாட்கள் முதலில் ஓடினார்கள். நாயகர் கட்டிலோடு எழுந்து, கட்டிலை விட்டு, ஓடினார். என் வலைக்குள் மூன்று தேனீக்கள் நுழைந்துவிட்டன. வெளியே இருக்கும் தேனீக்கள் உள்ளே வராமல் தடுப்பதைவிட, உள்ளே வந்தவை வெளியே போகாமல் தடுப்பதில் அந்த வலை நன்றாக வேலை செய்தது. இரண்டு கையையும் காற்றாடி போல வீசிக்கொண்டு ஏரி மதகைப் பார்த்து ஓடி, தண்ணீர் இருக்கும் என்று நினைத்துக் கால்வாயில் குதித்தேன். சேறு இருந்தது.

சேற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது தோப்பில் ஒரே ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை வீசவில்லை. வேகமாக எதையும் செய்வதை அந்தக் கைகள் என்றைக்கோ விட்டுவிட்டிருந்தன. தேனீக்கள் அவர்மேல் உட்கார்ந்தன. ஒன்றிரண்டு கொட்டவும் கொட்டியிருக்கும். ஊதாங்குழலைக் கடித்து, ஒரு சுற்று புகை விட்டார். கன்னியம்மா முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கிட்ட வராத!" என்று குழலைத் துப்பிவிட்டுக் கத்தினார். "உங் கை பட்டுச்சுன்னா எடம் பூடும்! நைனா பாத்துகினு கீறாரு!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் காலால் ஒரு முறத்தை நகர்த்திக்கொண்டு வந்தார். மண்டியிட்டு, இரண்டு முன்கைகளாலும் விழுந்த அடையை அணைத்து முறத்தில் ஏற்றினார். தேன் வழிந்த துண்டைத் தனியே ஒதுக்கினார். குஞ்சுப் புழுக்கள் இருந்த துண்டை வெறும் சட்டத்தோடு பொருத்தி, இரண்டு பக்கமும் மூங்கில் தப்பை வைத்தார். முன்பே முடிந்து வைத்திருந்த வாழைநார்ச் சுருக்கை அதன்மேல் நுழைத்துப் பல்லால் இழுத்து இறுக்கினார். அதைத் திரும்ப ஏற்றத்தில் மாட்டி, முழங்கையால் அழுத்தி, பெட்டிக்குள் இறக்கினார். மூடியின் வளையத்தில் முன்கையை விட்டார். மூடி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது; அதை நெற்றியால் தள்ளிச் சரிசெய்தார். மொத்தமும் ஒரு உலை கொதிக்கிற நேரம்.

நாயகர் தோப்போரப் புளியமரம் ஒன்றுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். காதில் ஒரு கொட்டு. நானும் சேற்றோடு வந்து சேர்ந்தேன்.

"மூடிட்டான்" என்றார் நாயகர்.

"நீங்கள் கேட்டது இதுதானே?" என்றேன், எனக்கும் அதில் பங்கு உண்டு என்பது போல.

"நான் கேட்டது இதான். ஆனா நாளிக்குக் காலீல பூச்சி உள்ள இருக்கணும். கோச்சிகினு ஓடிப்போச்சுன்னா வெறும் பெட்டிக்கு எதுக்குய்யா எடம்?" காதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கன்னியம்மா என் முகத்தில் சுண்ணாம்பு தடவினாள். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்ததால் மனச்சாட்சி திறந்துகொண்டது. "ஏகாம்பரம், ஒன்று சொல்ல வேண்டும். நான் நேற்று வரைக்கும் தேன்பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை" என்றேன்.

"தெரியும் ஐயா."

"எப்போது தெரியும்?"

"மொத கட்டுரையிலயே. குளுருக்கு அணைவா பெட்டிய தெக்கு பாத்து வைக்கணும்னு எய்தியிருந்தீங்க. இங்க ஏது ஐயா குளுரு?"

"பிறகு ஏன் உச்சிவேளை என்றதும் மறுத்துச் சொல்லவில்லை?"

"நைனா உங்க வார்த்தைய நம்பித்தான் எடம் தரேன்னாரு. அவுரு எதிர்ல, ஐயா சொல்றது தப்புன்னு நான் சொன்னா, அப்புறம் நீங்க என்னை நல்லாச் செய்றான்னு சொல்லி இன்னா பிரயோஜனம்? தப்பா சொல்ற ஆளு குடுக்கிற சர்டிபிகேட்ட எவன் எடுப்பான்?"

கண்ணைத் திறக்க முடியாமல் இருந்ததே நல்லதாயிற்று.

"எங்கூட்டுக்காரரு புத்திய பாத்தியா சாமி?" என்றாள் கன்னியம்மா, சுண்ணாம்பைக் கொஞ்சம் அழுத்தித் தடவி. "ராணிப்பூச்சி அந்த அடையோட வுய்ந்து செத்திருந்தா? மூணு வர்ச பாடு. புத்தி, புத்தி, எதுக்கு ஒதவுது புத்தி?"

ராணி எந்த அடையில் இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் விடிந்ததும் தோப்புக்குப் போனோம். எனக்கு ஒரு கண் திறந்திருந்தது. நாயகர் முன்பே வந்து, எட்டி நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் வாசலில் தேனீக்கள் இருந்தன; வந்தன, போயின.

"இருக்குதே" என்றேன்.

"இது பத்தாது ஐயா" என்றார் ஏகாம்பரம். "கெளம்பறதுக்கு மின்னாடியும் இப்பிடித்தான் வந்துகினு போய்கினு இருக்கும்." பெட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாசலையே பார்த்தார். கன்னியம்மா களை பறிக்கப் போகவில்லை. புங்கமரத்தில் சாய்ந்து நின்றாள். நாயகர் ஒரு முறை வெற்றிலை போட்டு முடித்தார். என் அனுபவத்தில் இவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தது மயிலாப்பூரில் மௌன அஞ்சலிக்குக்கூட இல்லை.

திடீரென்று ஏகாம்பரம் முன்னால் குனிந்தார். "காலப் பாருங்க. நைனா, சீக்கிரம் வாங்க, காலப் பாருங்க!"

ஒரு தேனீ இரண்டு பின்னங்காலிலும் கடுகளவு மஞ்சள் உருண்டையோடு வாசலில் இறங்கி உள்ளே நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"பூத்தூளு. உள்ள குஞ்சுக்கு ஊட்டறதுக்கு எடுத்துகினு போது. ராணி கீது. ஓடறதா இருந்தா மளிகை வாங்கிகினு போவாது நைனா."

நாயகர் காதைத் தடவிக்கொண்டே கிட்டத்தில் வந்து குனிந்து, மூன்றாவது தேனீயின் காலையும் தானே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். "மேக்கு மூலைல வச்சிக்க" என்றார். "மாட்டுக் கொட்டாய் பக்கம் ஒண்ணுகூட வரக் கூடாது. மொத தேன் எங்கூட்டுக்கு."

கன்னியம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏகாம்பரம் மணிக்கட்டால் பெட்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டைத் தட்டிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி.

என் சர்டிபிகேட்? கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். நாயகர் அதைப் படிக்காமல் நான்காக மடித்து வெற்றிலைப் பைக்குள் செருகினார்.

திரும்பும்போது ஜட்கா வேண்டாம் என்று பூந்தமல்லிக்கு ஒரு மாட்டுவண்டியில் போய், அங்கிருந்து கரி பஸ் பிடித்தேன். பெட்ரோல் இல்லாத காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஒரு கொப்பரையைக் கட்டிக் கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். என் முகத்தைப் பார்த்த கண்டக்டர், "உனுக்கு வேணாம் நைனா, நீ குந்து. அடிபட்ட ஆளு" என்று சொல்லி, மற்றவர்களை இறக்கினார். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கௌரவம் அது.

பன்னிரண்டாவது கட்டுரையில் எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். விரல் விறைத்தவர்களுக்கு ஏற்றம், ஊதாங்குழல், வாழைநார்ச் சுருக்கு. திறக்கும் நேரம் வெயில் ஏறுமுன் அல்லது தணிந்தபின். கையை வேகமாக அசைக்க முடியாதவரைத் தேனீ அதிகம் கொட்டுவதில்லை என்றும், நல்ல கை உள்ளவர்கள் அதைக் கொஞ்சம் கற்றுக்கொள்வது நலம் என்றும் சேர்த்தேன். மனத்துக்குள் வேறொரு கணக்கும் போட்டுக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் நாயகருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்குமா? அடை விழுந்ததால்தானே, தேனீ கோபித்தாலும் ஏகாம்பரம் மூடுவார் என்பது தெரிந்தது? ஆக, இடம் வாங்கிக்கொடுத்தது என் தவறுதான். இந்த முடிவோடு பல வாரங்கள் நிம்மதியாக இருந்தேன்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது மூர் மார்க்கெட்டில் நாயகரைச் சந்தித்தேன். பெட்டிகளைப் பற்றி விசாரித்தேன்.

"மூணு அஞ்சாச்சு" என்றார். "இப்பல்லாம் வெளியூர்லேந்து ஆள் வருது அவனைத் தேடிகினு. வாதத்துல கை முடங்குன ஒருத்தன், எருமை முட்டி எலும்பு ஒடஞ்ச ஒருத்தன். அவனவன் கையப் பாத்து, அதுக்குத் தோதா ஏத்தம் போட்டுக் குடுக்கறான். உங்களப் பத்திக்கூட அடிக்கடி பேசுவான்."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "அப்படியா? என்ன சொல்லுவார்?"

"பாவம்ங்கறான். 'வாளிகூட புடிக்க வராத அந்த ஐயாவுக்குக் கை எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு நான் கேக்கவேயில்ல நைனா. மனசு நோவும்னு உட்டுட்டேன்'ங்கறான்."